லாரி பேக்கர் கட்டிய சுவர்களுக்கு அருகில் நின்றவர்கள்

நாகர்கோவில் உறுப்பினர்:
என் தந்தை முப்பது ஆண்டுகள் கொத்தனாராக இருந்தவர். திருவனந்தபுரத்தில் என் நண்பர் குடியிருந்த, குறைந்த செலவு வீடுகளுக்குப் பெயர்பெற்ற கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கட்டிய வீட்டுக்கு அவரை ஒருமுறை அழைத்துச் சென்றேன். பூசாத செங்கல் சுவரைக் கண்டதும், வேலை பாதியில் நின்றுவிட்டதா என்று கேட்டார். பிறகு விரல் முட்டியால் தட்டி, காதை வைத்துக் கேட்டு, இரண்டடி தள்ளி மீண்டும் தட்டினார். பேக்கர் கையாண்ட எலிப்பொறிக் கட்டு (rat-trap bond) என்னும் சுவர் முறையில் செங்கல்லைப் படுக்க வைக்காமல் நிறுத்திக் கட்டுவதால் நடுவே இடைவெளி விழும், ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு செங்கல் மிச்சமாகும் என்பது நீங்கள் அறிந்ததே. அவருக்கு யாரும் சொல்லவில்லை, ஓசையிலேயே கண்டுகொண்டார். பேருந்தில் பேசாமலே வந்தவர், ஊரில் இறங்கும்போது, "இத்தன வருசமா எவ்வளவு செங்கல்ல சும்மா சுவருக்குள்ள வச்சு மூடிருக்கேன்" என்றார். அந்தக் குரல் இன்னும் என்னை விடவில்லை.

மதுரை உறுப்பினர்:
பேக்கரைச் செங்கல் கணக்காகவே பார்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. 1948இல் மருத்துவர் எலிசபெத்தை மணந்து இமயமலையிலுள்ள பித்தோராகருக்குப் போனவர், மனைவி நோயாளிகளைக் கவனிக்க, தாம் மருத்துவமனையைக் கட்டிக்கொண்டு ஏறத்தாழ 16 ஆண்டுகள் அங்கேயே வாழ்ந்தார். குடும்பத்தோடு சேர்ந்தே வளர்ந்தது அவருடைய தொழில். 2007இல் அவர் மறைந்த பிறகு திருவனந்தபுரம் நாலாஞ்சிறையில் அவருடைய வீட்டைப் பார்த்தேன். சுவரில் பதித்திருந்த பழைய கண்ணாடித் துண்டு ஒன்றின் வழியே மாலை வெயில் பச்சையாக என் உள்ளங்கையில் விழுந்தது. யாரோ தூக்கியெறிந்த பொருள் அது. கையை எடுக்க மனம் வராமல் நின்றேன்.

கோவை உறுப்பினர்:
இருவர் சொல்வதும் சரியே. ஆனால் நாகர்கோவில் நண்பரைப் படித்துவிட்டு யாரும் உடனே எலிப்பொறிக் கட்டில் இறங்கிவிட வேண்டாம். விளிம்பு உடையாத, அளவு மாறாத செங்கல் வேண்டும். அதை நன்றாக நனைத்த பிறகே வைக்க வேண்டும். மூலைகளிலும் கதவு, ஜன்னல் ஓரங்களிலும் இடைவெளி விடாமல் அடைத்துக் கட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கலவை இடைவெளிக்குள் சிந்தக் கூடாது. சிந்தினால் வெளிச்சுவரின் ஈரம் அதன் வழியே உள்ளே ஏறும். பேக்கர் வரைபடத்தைக் கொடுத்துவிட்டு ஒதுங்கியவர் அல்லர். கட்டுமிடத்துக்கே வந்து, கொத்தனார்களோடு நின்று வேலை வாங்கியவர். என் மகள் வீட்டுக்கு மேற்குச் சுவர் எழும்பிய வாரம் நான் வெளியூரில் இருந்தேன். அந்த ஒரு சுவரை மட்டும் அடுத்த மழைக்குப் பிறகு பூச வேண்டியதாயிற்று.