ஏசி நீரைச் சேமிக்க ஒரு வழி தேவை

அனைவருக்கும் வணக்கம். சென்னை வேளச்சேரியில் மூன்றாவது மாடியில் வாடகைக்குக் குடியிருக்கிறோம். இரண்டு மாத மின்கட்டணத்தில் முதல் 100 யூனிட் இலவசம் என்றாலும், பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் அதற்குக் கீழுள்ள யூனிட்டுகளுக்கும் விலை கூடிவிடுவதால், ஏசியை 26 டிகிரியில் வைத்து மின்விசிறியையும் சேர்த்து ஓடவிடுகிறோம். ஏசியிலிருந்து சொட்டும் நீரைப் பால்கனியில் வாளி வைத்துப் பிடிக்கிறோம். விடிவதற்குள் அது தளும்பி, கீழ்வீட்டாரின் கொடித்துணிகளை நனைத்துவிடுகிறது. நல்லவேளையாக அவர்கள் பொறுமைசாலிகள். ஆர்.ஓ. குடிநீர் சுத்திகரிப்பான் வெளியேற்றும் கழிவுநீரில் உப்பு அதிகம் என்பதால் அதைச் செடிகளுக்கு ஊற்றாமல், தரை துடைப்பதற்கு மட்டும் வைத்துக்கொள்கிறோம். சுவரில் துளையிடாமல், கொசு முட்டையிடவும் இடம் கொடுக்காமல், ஏசி நீரைக் குளியலறை வரை கொண்டுசென்றவர்கள் யாரேனும் இருந்தால், எந்தக் குழாயைப் பயன்படுத்தினீர்கள், எவ்வளவு செலவாயிற்று என்று தெரிவித்து உதவுங்கள்.