கண்ணில் மிதக்கும் புள்ளிகள்: ரெட்டினா நன்றாக இருக்கிறது என்றார்கள், ஆனால் பயம் போகவில்லை

வெள்ளைச்சுவர்:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு வயது 31, இரண்டு கண்ணிலும் மைனஸ் 7 பவர். கோவையில் ஒரு கணக்கு அலுவலகத்தில் வேலை, நாள் முழுக்க எக்செல் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். சில மாதங்களாக வலது கண்ணில் நூல் மாதிரி ஒன்றும் அதன் பக்கத்தில் சாம்பல் நிறத்தில் குட்டிக் குட்டிப் புள்ளிகளும் மிதக்கின்றன. கண்ணைத் திருப்பினால் கூடவே வழுக்கிக்கொண்டு வரும், பார்வையை நிறுத்தினால் மெதுவாகக் கீழே இறங்கும், நேராகப் பார்க்கப் போனால் நழுவிவிடும். முதலில் கண்ணாடியில்தான் அழுக்கு என்று துடைத்துக்கொண்டே இருந்தேன்.

மருத்துவமனைக்குப் போனேன். சொட்டு மருந்து விட்டுக் கண் பாப்பாவை விரிய வைத்துப் பார்த்துவிட்டு, ரெட்டினா (விழித்திரை) நன்றாக இருக்கிறது, ஃப்ளோட்டர்ஸ்தான் (மிதக்கும் புள்ளிகள்), கண்டுகொள்ளாதீர்கள் என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டு நிமிடம்கூடப் பேசவில்லை. கண்டுகொள்ளாமல் இருப்பது எப்படி என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. காலையில் கண் விழித்ததும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு சுவரைப் பார்க்கிறேன், நேற்றைவிடக் கூடியிருக்கிறதா என்று. அலுவலகத்தில் வெள்ளைத் திரை, டீக்கடை வாசலில் வானம், இரவில் போன் வெளிச்சம், எங்கே போனாலும் அதுதான். ராத்திரி படுத்துக்கொண்டு ரெட்டினா பிரிந்துபோவது பற்றித் தேடித் தேடிப் படிக்கிறேன், படபடப்பு வருகிறது, தூக்கம் போய்விடுகிறது. வீட்டில் சொன்னால் "கண்ணு தெரியுதுல்ல, அப்புறம் என்ன" என்கிறார்கள். அவர்கள் சொல்வதும் தப்பில்லை. ஆனால் எனக்கு வாழ்க்கை முழுக்க இப்படியேதான் இருக்குமா என்று நினைத்தால் அழுகை வருகிறது.

இதோடு வாழ்கிறவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? லேசரில் எடுக்கலாம் என்கிறார்களே, அது உண்மையா?

தஞ்சை டீச்சர்:

தம்பி, முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்கள் கஷ்டம் கற்பனை இல்லை. வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்கு ஒன்றுமே தெரியாது, அதனால் யாருக்கும் புரிவதில்லை.

எனக்கு இரண்டு கண்ணிலும் பல வருடமாக இருக்கிறது. பள்ளியில் கரும்பலகையை எடுத்துவிட்டு வெள்ளைப் பலகை வைத்தபோது ரொம்பத் திண்டாடினேன், எழுதிக்கொண்டிருக்கும்போதே எழுத்துக்கு நடுவில் ஒரு வளையம் வந்து நிற்கும். இப்போதும் இருக்கிறது. ஆனால் பாடம் நடத்தி முடித்து வெளியே வரும்போது அதை இன்று பார்த்தேனா என்று யோசித்தால்தான் நினைவு வருகிறது. இந்த நிலைக்கு வர நாளானது, ஒரே வாரத்தில் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

உடனே செய்யக்கூடியது வெளிச்சத்தைச் சரிசெய்வது. ஜன்னலைப் பார்த்து உட்காராதீர்கள், மேசையைத் திருப்பிப் போடுங்கள். எக்செல் கட்டங்களுக்கு வெள்ளைக்குப் பதில் வெளிர் சாம்பலோ சந்தன நிறமோ கொடுங்கள், திரையின் வெளிச்சத்தைக் குறையுங்கள், போனில் கறுப்புப் பின்னணி வையுங்கள். வெயிலில் போகும்போது கூலிங் கிளாஸ் (பவர் போட்டே செய்து தருவார்கள்). படிக்கும்போது புள்ளி நடுவில் வந்து நின்றால் கண்ணை மேலும் கீழும் ஒரு தடவை ஓட்டினால் அது ஓரத்துக்குப் போய்விடும். இதெல்லாம் மருந்து இல்லைதான், ஆனால் ஒரு நாளில் அது நூறு முறை கண்ணில் படுவது இருபது முறையாகக் குறைந்தால் மனசுக்கு எவ்வளவு ஓய்வு என்று பாருங்கள்.

பொன்னாங்கண்ணி:

எங்கள் ஊரில் இதற்கு நந்தியாவட்டைப் பூவை இரவில் கண்மேல் வைத்துக் கட்டச் சொல்வார்கள். சுத்தமான தேன் ஒரு சொட்டு விட்டாலும் பூச்சி பறப்பது நிற்கும் என்று பாட்டி சொல்வார். செலவில்லாதது, முயன்று பாருங்கள்.

கண்ணாடிக்கடை மதுரை:

தயவுசெய்து கண்ணுக்குள் தேன், தாய்ப்பால், பூச்சாறு எதையும் விடாதீர்கள். நான் ஆப்டோமெட்ரிஸ்ட்டாக (கண்ணைப் பரிசோதித்துக் கண்ணாடிக்குப் பவர் பார்ப்பவர்) வேலை செய்கிறேன், இப்படி விட்டுக்கொண்டு கருவிழியில் கிருமி தொற்றி வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பெரியவர்கள் அன்போடுதான் சொல்கிறார்கள், அது தெரியும். ஆனால் நீங்கள் வெளியே விடுவது இந்தப் புள்ளிகள் இருக்கும் இடத்துக்குப் போவதே இல்லை. பொன்னாங்கண்ணிக் கீரையைத் தாராளமாகச் சாப்பிடுங்கள், உடம்புக்கு நல்லது, இதற்கான மருந்து அல்ல.

கேட்டவருக்குக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் என்ன நடக்கிறது என்று தெரிந்தாலே பாதிப் பயம் குறையும். கண்ணுக்குள் லென்ஸுக்குப் பின்னால் விட்ரியஸ் என்று ஒரு கூழ் இருக்கிறது. சுமார் 4 மில்லிலிட்டர், முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி இருக்கும், அதில் 98 சதவீதத்துக்கு மேல் வெறும் தண்ணீர். மீதியில் கொலாஜன் என்ற மெல்லிய நார்கள். வயதாக ஆகக் கூழ் தண்ணீராக இளகும்போது அந்த நார்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அந்த முடிச்சுகளின் நிழல் ரெட்டினாவில் விழுவதைத்தான் நீங்கள் பார்க்கிறீர்கள். உங்களுக்கு மைனஸ் 7. கிட்டப்பார்வை அதிகமுள்ள கண் நீளமாக இருக்கும், அதில் இந்த இளகல் சின்ன வயதிலேயே தொடங்கிவிடும். 31 வயதில் எனக்கு ஏன் என்பதற்கு அதுதான் பதில். நீங்கள் எக்செல் பார்த்ததால் வரவில்லை.

அதே காரணத்தால் நீங்கள் வருடம் ஒருமுறை மருந்து விட்டு ரெட்டினாவின் ஓரம் வரை பரிசோதனை செய்துகொள்வது நல்லது. நீளமான கண்ணில் ஓரங்கள் மெலிந்திருக்க வாய்ப்பு அதிகம். பேசவே நேரம் தராத இடம் என்றால் வேறு இடத்தில் ரெட்டினா மருத்துவரைப் பாருங்கள், கோவையில் அரவிந்த், சங்கரா இரண்டிலும் அதற்குத் தனிப் பிரிவு உண்டு.

இடையில் எப்போது ஓட வேண்டும் என்றால், திடீரென்று கரித்தூள் கொட்டியது மாதிரி புதிய புள்ளிகள் கூட்டமாக வந்தால், இருட்டிலும் கண் ஓரத்தில் மின்னல் வெட்டினால், ஒரு பக்கத்திலிருந்து திரை இறங்குவது போலப் பார்வை மறைந்தால். இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே போங்கள், திங்கட்கிழமை போகலாம் என்று இருக்காதீர்கள். ரெட்டினாவில் கிழிசல் மட்டும் இருக்கும்போது கண்டுபிடித்தால் லேசர் போட்டு அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ரெட்டினா பிரிந்த பிறகு என்றால் பெரிய அறுவை. பல மாதமாக இருக்கும் அதே நூல், அதே புள்ளி அங்கும் இங்கும் ஆடுவது இதில் சேராது.

லேசர் பற்றி. யாக் என்ற ஒரு வகை லேசரால் மிதப்பதை உடைப்பார்கள். 2017ல் அமெரிக்காவில் 52 பேரை வைத்து ஓர் ஆய்வு வந்தது, ஆறு மாதத்தில் லேசர் போட்டவர்களில் பாதிக்கு மேல் நல்ல முன்னேற்றம் என்றார்கள். ஆனால் அவர்கள் எல்லோருக்கும் இருந்தது விட்ரியஸ் கூழ் ரெட்டினாவை விட்டுப் பிரிந்த பிறகு வரும் பெரிய வளையம். உங்கள் வயதில் வரும் மெல்லிய நூல்கள் பெரும்பாலும் ரெட்டினாவுக்கு மிக அருகில் இருக்கும், அங்கே லேசர் அடிப்பது ஆபத்து. விட்ரெக்டமி என்று கூழையே எடுத்துவிடும் அறுவையும் இருக்கிறது, அது வேலை செய்யும், ஆனால் பின்னால் கண்புரை வரலாம், ரெட்டினா பிரியும் அபாயமும் உண்டு. மிகவும் பாதிக்கப்பட்டவர்களுக்கு எல்லாம் பேசி முடிவெடுத்துச் செய்கிறார்கள். உங்கள் நிலையில் நான் அந்தப் பக்கம் போகச் சொல்ல மாட்டேன்.

வெள்ளைச்சுவர்:

ரொம்ப நன்றி. இவ்வளவு விவரமாக யாரும் சொன்னதில்லை. இன்னொன்றும் இருக்கிறது. நீல வானத்தைப் பார்த்தால் சின்னச் சின்ன வெளிச்சப் புள்ளிகள் வேகமாக வளைந்து வளைந்து ஓடுகின்றன. இதுவும் மின்னலில் சேருமா? இதைப் பார்த்ததிலிருந்து வெளியே போகவே பயமாக இருக்கிறது.

கண்ணாடிக்கடை மதுரை:

சேராது. அது ரெட்டினாவின் நுண்ணிய ரத்தக் குழாய்களில் ஓடும் வெள்ளை அணுக்கள். நீல வெளிச்சத்தை உற்றுப் பார்த்தால் எனக்கும் தெரியும், அநேகமாக எல்லோருக்கும் தெரியும். நீங்கள் உற்றுப் பார்ப்பதால் கண்டுபிடித்திருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

தூங்காநகரம்:

அந்தக் கடைசி வரியைப் பிடித்துக்கொள்ளுங்கள் நண்பரே. உற்றுப் பார்ப்பதால்.

நான் உங்களைப் போலவே இருந்தவன், கண்ணை மூடி மூடிச் சுவரைப் பார்ப்பது உட்பட. என்னைக் காப்பாற்றியது கண் மருத்துவர் இல்லை, ஒரு மனநல ஆலோசகர். மனநலம் என்றதும் பைத்தியம் என்கிறானே என்று நினைக்காதீர்கள். கண்ணில் இருக்கும் புள்ளி நிஜம். ஆனால் அந்தப் புள்ளி உங்கள் தூக்கத்தைக் கெடுக்கவில்லை, அதைக் காவல் காப்பது கெடுக்கிறது. காலையில் சுவரைப் பார்க்கிறீர்கள், அப்படியேதான் இருக்கிறது, கொஞ்ச நேரம் நிம்மதி. ஒரு மணி நேரத்தில் மறுபடி சந்தேகம், மறுபடி சோதனை. ஒவ்வொரு சோதனையும் மூளைக்கு என்ன சொல்லிக்கொடுக்கிறது என்றால், இது ஆபத்தானது, இதைக் கண்ணில் பட்டவுடன் எனக்குச் சொல் என்று. அது சொன்னபடி கேட்கிறது. சாதாரணமாக மூளை இந்த நிழல்களை ஒதுக்கிவிடக் கூடியது, நம் மூக்கு எந்நேரமும் பார்வையில் இருந்தும் நாம் பார்ப்பதில்லையே. ஆனால் ஆபத்து என்று முத்திரை குத்திய எதையும் அது ஒதுக்காது.

எனக்கு அவர் சோதிப்பதை அடியோடு நிறுத்தச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என்னால் முடிந்திருக்காது. சோதிக்கத் தோன்றும்போது பத்து நிமிடம் தள்ளிப் போடு, அந்தப் பதற்றத்தைக் கவனி, அது ஏறும், கொஞ்ச நேரத்தில் தானாக இறங்கும், நீ எதுவும் செய்யத் தேவையில்லை என்றார். முதல் சில நாள் கொடுமையாக இருந்தது, கை தானாகக் கண்ணை மூடப் போகும். பிறகு பத்து நிமிடத்தை அரை மணி ஆக்கினோம், அப்புறம் வாரத்தில் ஒரு நாள் மட்டும், ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்து, மேலே சொன்ன மூன்று ஆபத்துக் குறிகள் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பது என்று வைத்துக்கொண்டேன். எண்ணுவது கிடையாது. இரவில் இணையத்தில் தேடுவதும் ஒரு வகைச் சோதனைதான், அதை முதலில் வெட்டுங்கள். போனை வேறு அறையில் வைத்துவிட்டுப் படுங்கள்.

அதோடு, விட்டுப்போன விஷயங்களைத் திரும்பச் செய்ய வேண்டும். நான் மாலையில் மைதானத்துக்குப் போவதை நிறுத்தியிருந்தேன், வானம் தெரியும் என்று. திரும்பப் போனேன், புள்ளியோடுதான் போனேன். பந்து வரும்போது புள்ளியைப் பார்க்க நேரம் இருக்காது.

உடனே பேச ஆள் வேண்டும் என்றால் டெலி மானஸ், 14416. மத்திய அரசின் இலவச எண், 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவும் இருக்கிறது. வாழ்க்கையே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் ஒரு நிமிடம்கூடத் தனியாக வைத்துக்கொள்ளாமல் பேசிவிடுங்கள். அழுகை வருகிறது என்று எழுதியிருந்தீர்கள், அதனால் சொல்கிறேன்.

தெக்கா:

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். 2011ல் இங்கே ஃப்ளோட்டர்ஸ் உள்ள 266 பேரிடம் நடத்திய ஓர் ஆய்வு வெளியானது. இது இல்லாமல் வாழ, மீதமுள்ள ஆயுளில் பத்து வருடத்துக்கு ஒரு வருடத்துக்கும் சற்று அதிகமாகக் கொடுக்கத் தயார் என்று சராசரியாகச் சொன்னார்கள். என் மனைவிக்கு இது வந்தபோது நான் படித்தது. உங்கள் வீட்டாரிடம் காட்டுங்கள். அவளிடம் "ஒன்றுமில்லை விடு" என்று சொல்வதை நான் நிறுத்தியதிலிருந்துதான் அவள் இதைப் பற்றிப் பேசுவதே குறைந்தது. வீட்டில் இருப்பவர்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான், ஒரு தடவை முழுசாகக் கேட்பது.

வெள்ளைச்சுவர்:

எல்லோருடைய பதிலையும் இரண்டு தடவை படித்தேன். தெக்கா அண்ணன் எழுதியதை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன், "இவ்வளவு இருக்கா, சொல்லவே இல்லையே" என்றார். எக்செல் நிறத்தை மாற்றிவிட்டேன், நிஜமாகவே வித்தியாசம் தெரிகிறது. பத்து நிமிடம் தள்ளிப் போடுவதை இன்று தொடங்கினேன், மதியம் முடியவில்லை, மாலையில் முடிந்தது. அடுத்த வாரம் ரெட்டினா மருத்துவரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன். மருந்து விட்ட பிறகு வண்டி ஓட்டலாமா? என் வீட்டிலிருந்து கொஞ்சம் தூரம்.

கண்ணாடிக்கடை மதுரை:

வேண்டாம். நாலைந்து மணி நேரம் வெளிச்சம் கூசும், கிட்டத்தில் உள்ளது மங்கும். பஸ்ஸிலோ யாரையாவது கூட்டிக்கொண்டோ போங்கள், கூலிங் கிளாஸ் எடுத்துக்கொள்ளுங்கள். கேட்க வேண்டியதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். ஓரம் வரை பார்த்தீர்களா, மெலிவு எங்காவது இருக்கிறதா, அடுத்து எப்போது வர வேண்டும், இந்த மூன்றையும் பதில் வரும் வரை எழுந்திருக்காமல் கேளுங்கள்.