தம்பி போலீஸ் வேலைய விடப்போறேங்கிறான், ஸ்டேஷன்ல நிஜமாவே என்ன நடக்குது?

ராஜபாளையம் அக்கா:

எல்லாருக்கும் வணக்கம். போலீஸ்ல இருக்கவங்க, ரிட்டையர்டு ஆனவங்க, வக்கீலுங்க எல்லாம் இங்க இருக்கீங்கன்னு தெரியும், அதான் இங்கயே கேக்குறேன். என் தம்பி பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடிச்சுட்டு பரீட்சை எழுதி கிரேடு 2 கான்ஸ்டபிளா சேர்ந்தான். கொஞ்ச நாள் பட்டாலியன், இப்ப ரெண்டு வருஷமா ஒரு தாலுகா ஸ்டேஷன். முதல் முதலா யூனிபார்மோட வீட்டுக்கு வந்தப்ப எங்கம்மா வாசல்ல நிறுத்தி சுத்திப்போட்டாங்க. அதே பையன் இப்ப எழுதிக் கொடுத்துட்டு வந்துடுறேங்கிறான்.

போன மாசம் என் பொண்ணுக்கு காதுகுத்து. தாய்மாமன் மடியிலதான குத்தணும், ரெண்டு வாரம் முன்னாடியே லீவு எழுதிக் கொடுத்து சாங்ஷனும் ஆயிடுச்சு. முதல் நாள் ராத்திரி பதினோரு மணிக்கு போன் வருது, பக்கத்து மாவட்டத்துல பந்தோபஸ்து, லீவு கேன்சல்னு. நாங்க காத்துக் காத்துப் பாத்தோம், நல்ல நேரம் முடியுதும்மான்னு ஆசாரி சொன்னாரு, சரின்னு சித்தப்பா மகன் மடியில உக்கார வச்சுக் குத்திட்டோம். சாயங்காலம் ஆறு மணிக்கு யூனிபார்மோடயே வந்தான். சட்டைப்பையில இருந்து கம்மல் டப்பாவ எடுத்தான், வேர்வையில அட்டை நமுத்துப் போயிருந்துச்சு. ஷூவ கழட்டுனா காலு வெள்ளவெளேர்னு ஊறிப்போயிருக்கு. ஒரு வார்த்த பேசல, புள்ளைய மடியில வச்சுக்கிட்டு உக்காந்தபடியே தூங்கிட்டான்.

வார லீவு இப்ப போலீசுக்கு உண்டுன்னு சொல்றாங்களே, அது உண்மையா இல்லையா? இவன் ஸ்டேஷன்ல மட்டும்தான் இப்படியா, எல்லா எடத்துலயும் இதே கதைதானா? அவன் படிச்ச படிப்புக்கு அங்க எந்த வேலையும் இல்ல, துப்பாக்கிய புடிச்சுட்டு பாரா நிக்கிறான். விட்டுட்டு வரச் சொல்றதா, இருக்கச் சொல்றதான்னு எனக்குப் புரியல.

பழைய ரைட்டர்:

தங்கச்சி, நான் எஸ்.எஸ்.ஐ.யா (சிறப்பு எஸ்.ஐ.) ரிட்டையர்டு ஆனவன், அதுல பதினோரு வருஷம் ஸ்டேஷன் ரைட்டர். தினம் காலைல ரோல்கால்ல யாரை எங்க அனுப்புறதுன்னு டூட்டி போட்டவன் நான்தான், அதனால உன் தம்பி கதை எனக்கு அப்படியே தெரியும்.

வார லீவு உண்மைதான். 2021ல ஜி.ஓ. (அரசாணை) போட்டாங்க, கிரேடு 2, கிரேடு 1, தலைமைக் காவலர் வரைக்கும் வாரம் ஒரு நாள் ஓய்வு. ஆனா ஸ்டேஷன்ல ஆள் கணக்க பாரு. பேப்பர்ல 40 பேர்னு வை, அதுல காலியிடம் போக, வேற ஆபீசுக்கு அயல்பணியில போனவங்க போக மிச்சம் 28 பேர் இருப்பான். அதுல பாராவுக்கு ஆள், வயர்லெஸ் மைக்குல உக்கார ஆள், கோர்ட் டூட்டிக்கு ஒருத்தர், சம்மன் வாரண்ட்டுக்கு ரெண்டு பேர், கைதி எஸ்கார்ட், ஆஸ்பத்திரி காவல், ராத்திரி ரவுண்ட்ஸ். இதுக்கு நடுவுல செப்டம்பர்ல பரமக்குடி இமானுவேல் சேகரன் நினைவு நாள், அக்டோபர்ல பசும்பொன் தேவர் குருபூஜை, கார்த்திகைக்கு திருவண்ணாமலை, சித்திரைக்கு மதுரை. விநாயகர் சதுர்த்திக்கு சிலை கரைக்கிற வரைக்கும் கண்ணு மூட முடியாது. மந்திரி வந்தா ரோட்டுல அம்பது அடிக்கு ஒருத்தன். அப்புறம் எங்கேர்ந்து லீவு, பட்டியல்ல இருக்கும், ஆள் ரோட்டுல நிப்பான்.

இன்னொன்னு யாரும் பேசுறதில்ல. பந்தோபஸ்துக்குப் போற அதே கைதான் கேஸையும் விசாரிக்கணும். ஒரு திருட்டு கேஸு நடக்குது, சாட்சிய பாக்கணும், சிசிடிவி கேட்டு கடை கடையா ஏறணும், எஸ்.ஐ. அதுக்குக் கிளம்பும்போது ஊர்வலம்னு மைக்குல கூப்புடுவாங்க. மூணு நாள் கழிச்சு வந்து பாத்தா கடைக்காரர் கேமரால பழசு அழிஞ்சிருக்கும். போலீஸ் சீர்திருத்தம் கேட்டுப் போட்ட பிரகாஷ் சிங் கேஸ்ல 2006ல சுப்ரீம் கோர்ட் சொன்ன ஏழு விஷயத்துல ஒன்னு இதுதான், சட்டம் ஒழுங்கு வேற, புலனாய்வு வேறன்னு ஆளையே பிரிங்கன்னு. சென்னை மாதிரி கமிஷனரேட்ல எல் அண்ட் ஓ (சட்டம் ஒழுங்கு) தனி, க்ரைம் தனி இன்ஸ்பெக்டர் உண்டு, நம்ம ஊர் பக்கம் தாலுகா ஸ்டேஷன்ல எல்லாம் ஒரே ஆள்தான். உன் தம்பி காலு ஊறிப்போனதுக்கும், ஜனங்க கேஸு வருஷக்கணக்கா கெடக்குறதுக்கும் காரணம் ஒன்னுதாம்மா.

ஆர்டர்லியும் இருக்கு, அதான் ஆபீசர் வீட்டு வேலைக்கு போலீஸ்காரர வைக்கிறது. 1979லயே ஒழிச்சாச்சுன்னு ஜி.ஓ. இருக்கு, அப்புறமும் 2022ல ஹைகோர்ட் கேள்வி கேக்க வேண்டி வந்துச்சு. ட்ரெயினிங் முடிச்ச கான்ஸ்டபிள் ஆபீசர் வீட்டுக்கு காய்கறி வாங்கிட்டிருந்தா ஸ்டேஷன்ல ஒரு ஆள் குறையத்தான் செய்யும்.

சேலம் டீச்சர்:

நான் மறுபக்கத்துல இருந்து சொல்றேன், பணத்த எழந்தவ. போன வருஷம் வாட்ஸ்அப் வீடியோ கால்ல ஒருத்தன் போலீஸ் யூனிபார்ம்ல வந்தான், உங்க ஆதார்ல ஒரு பார்சல் போயிருக்கு, அதுல போதைப்பொருள் இருக்கு, உங்கள டிஜிட்டல் அரெஸ்ட் பண்ணிருக்கோம்னான். சட்டத்துல அப்படி ஒன்னு கிடையவே கிடையாதுன்னு இப்ப எல்லாருக்கும் தெரியுது, அன்னைக்கு எனக்குத் தெரியல. ராத்திரி முழுக்க கேமராவ ஆஃப் பண்ண விடல, பாத்ரூம் போறதுக்குக்கூட கேட்டுட்டுப் போனேன். காலைல பேங்க் தொறந்ததும் 3 லட்சத்து 40 ஆயிரம் அனுப்பிட்டேன், வீட்டுக்காரருக்காக சேத்து வச்சிருந்த ஆபரேஷன் பணம்.

ஸ்டேஷனுக்குப் போனப்ப ராத்திரி பத்து மணி. பாரா நின்ன பையன்தான் (உங்க தம்பி வயசுதான் இருக்கும்) என்னை உக்கார வச்சு தண்ணி கொடுத்து, தன்னோட போன்ல இருந்தே சைபர் மோசடி புகார் நம்பர் 1930க்கு அடிச்சுக் கொடுத்தான். டிஸ்ப்ளே உடைஞ்ச போன். "மேடம், உடனே அடிச்சிருந்தா போற வழியில எதாவது அக்கவுண்ட்ல நிறுத்திருப்பாங்க மேடம்"னு அவன் சொன்னப்ப அவன் கண்ணுல இருந்த வருத்தம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. ஒரு மணி நேரத்துல நாலு அக்கவுண்ட் தாண்டிருச்சு, கடைசில 41 ஆயிரம் மட்டும்தான் ஹோல்டு ஆச்சு.

அதுக்கப்புறம் நடந்தது வேற. எஃப்.ஐ.ஆர். போட ஒன்பது நாள். ஐ.டி. ஆக்ட் கேஸ இன்ஸ்பெக்டர் ரேங்க்குக்கு கீழ யாரும் விசாரிக்கக் கூடாதாம், அந்த சட்டத்துலயே 78வது பிரிவுல இருக்கு. அந்த இன்ஸ்பெக்டர் நாலு நாள் திருவிழா பந்தோபஸ்துல. சைபர் க்ரைம் ஸ்டேஷனுக்குப் போனா மாவட்டம் முழுக்க வர்ற புகார் அங்க வந்து குமிஞ்சு கெடக்கு. பெஞ்சுல என் பக்கத்துல உக்காந்திருந்தவரோட மகன் டேட்டா என்ட்ரி வேலைன்னு கம்போடியா போய் இந்த மாதிரி கால் பண்ற எடத்துலயே மாட்டிக்கிட்டான். ஏமாத்துன பக்கமும் நம்ம புள்ள, ஏமாந்த பக்கமும் நாம. கம்ப்யூட்டர் படிச்ச உங்க தம்பி பாரா நிக்கிறான்னு படிச்சதும் எனக்கு அழுகையே வந்துருச்சு அக்கா.

மதுரை வக்கீல்:

ரைட்டர் ஐயா சொன்னதுல பாதிக்கு மேல ஒத்துக்கிறேன், ஒரு எடத்துல ஒத்துக்க முடியல. ஆள் இல்ல, தூக்கம் இல்ல, அதனாலதான் ஸ்டேஷன்ல கை நீளுதுன்னு நிறைய பேர் பேசுறாங்க, நீங்க சொல்லலன்னாலும் அடுத்து வர்றவங்க சொல்லுவாங்க. 2025 ஜூன்ல மடப்புரத்துல என்ன நடந்துச்சு, கார்ல இருந்த நகை காணோம்னு ஒரு புகார், அதுக்கு கோயில் காவலாளி ஒருத்தர எஃப்.ஐ.ஆர்.கூட போடாம தனிப்படை கூட்டிட்டுப் போய் அடிச்சே கொன்னாங்க. அந்த ஒரு புகாருக்கு மட்டும் அத்தனை ஆள் கிடைச்சாங்களே? டீச்சரோட மூணேகால் லட்சத்துக்கு மேல போன பணத்துக்கு ஒரு ஆள் கிடைக்கலயே? ஆள் பத்தாக்குறை நிஜம், ஆனா இருக்குற ஆள எதுக்கு அனுப்புறாங்கங்கிறதயும் கேக்கணும்.

சாத்தான்குளம் 2020. ஊரடங்குல நேரம் தாண்டி கடை தொறந்திருந்துச்சுன்னு அப்பாவையும் மகனையும் கொண்டுபோய் ராத்திரி முழுக்க அடிச்சாங்க. அங்க கேமரா இருந்துச்சு, ஹார்ட் டிஸ்க்குல 1 டெராபைட் எடமும் இருந்துச்சு, ஆனா தினமும் தானா அழியுற மாதிரி செட் பண்ணிருந்ததா மாஜிஸ்திரேட் ரிப்போர்ட்ல வந்துச்சு. உண்மைய சொன்னது அதே ஸ்டேஷன்ல வேலை பாத்த ஒரு பெண் தலைமைக் காவலர். அந்த அம்மாவ நெனச்சா எனக்கு இப்பவும் கை கூப்பத் தோணும். அந்த வருஷம் டிசம்பர்லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு, லாக்கப், வராண்டா, இன்ஸ்பெக்டர் ரூம் எல்லாத்துலயும் சத்தத்தோட பதியுற கேமரா, 18 மாசம் பதிவு இருக்கணும், முடியலன்னா குறைஞ்சது ஒரு வருஷம்னு. நான் ஒவ்வொரு கேஸ்லயும் அந்தப் பதிவ கேட்டு மனு போடுறேன். "பழுது"ன்னு பதில் வருது, அன்னைக்கு மட்டும் பழுது.

புகார் சொல்ல எங்க போறது? ரைட்டர் ஐயா சொன்ன அந்த பிரகாஷ் சிங் கேஸ்ல கோர்ட் கேட்டது ரிட்டையர்டு ஜட்ஜ் தலைமையில ஒரு ஆணையம். 2013ல நம்ம ஊர்ல சட்டம் போட்டப்ப மாநில அளவுல உள்துறைச் செயலாளர், மாவட்டத்துல கலெக்டர்னு வச்சுட்டாங்க. அவங்க கீழ இருக்கிற துறை மேல அவங்களே விசாரிக்கிறதுன்னா செத்தவன் வீட்டுக்காரன் எப்படி நம்புவான்.

பழைய ரைட்டர்:

வக்கீல் தம்பி, நீங்க சொல்றதுக்கு என்கிட்ட மறுப்பு இல்ல. எல்லாரும் கேட்டுக்கங்க, அடி எங்கேர்ந்து வருதுன்னு ரைட்டருக்குத் தெரியும். மாசம் ஒருதரம் க்ரைம் மீட்டிங். அங்க போற இன்ஸ்பெக்டர கேக்குற முதல் கேள்வியே "ரெக்கவரி எவ்ளோ"தான், அதாவது திருட்டுப்போன பொருள் எவ்ளோ மீட்டீங்கன்னு. போலீஸ்கிட்ட கொடுத்த வாக்குமூலம் கோர்ட்ல செல்லாது, ஆனா அத வச்சு பொருள எடுத்தா அந்த அளவுக்குச் செல்லும், பழைய எவிடென்ஸ் ஆக்ட்ல 27, புது சட்டத்துல 23. அதனால கைரேகை, போன் டவர், சிசிடிவின்னு ஒரு வாரம் அலையிறத விட ஒரு ராத்திரில வாயில இருந்து வாங்கிடலாம்னு போறாங்க. புலனாய்வுக்குன்னு தனியா ஆளும் நேரமும் கொடுக்காத வரைக்கும் இந்தக் குறுக்கு வழி மூடாது. இத நியாயப்படுத்த சொல்லல. 1990கள்ல ஒரு நாள் ராத்திரி உள்ள இருந்து சத்தம் வந்துச்சு, நான் ஜி.டி. (ஸ்டேஷன் டைரி) எழுதிட்டே இருந்தேன், எழுந்து போகல. அந்த ஆள் உயிரோடதான் போனாரு. இருந்தாலும் நான் போயிருக்கணும்.

மடப்புரத்துக்கு அப்புறம் அனுமதி இல்லாத தனிப்படைய எல்லாம் கலைச்சாங்க. அது நல்லது, அதோட நிக்கக் கூடாது.

காக்கி வீட்டுப் பொண்ணு:

நானும் கிரேடு 1தான் அக்கா, வீட்டுக்காரரும் ஏ.ஆர்.ல (ஆயுதப்படைல) இருக்கார். பந்தோபஸ்துன்னா எங்களுக்கு இன்னொரு கஷ்டம், காலைல நாலு மணிக்கு எறங்கிட்டா பாத்ரூம் எங்கன்னு தெரியாது, அதனால தண்ணியே குடிக்க மாட்டோம். எங்க செட்டுல நாலு பேருக்கு யூரின் இன்ஃபெக்‌ஷன். 2021ல முதல்வர் போற வழியில பெண் போலீஸ நிறுத்த வேண்டாம்னு உத்தரவு வந்துச்சு, அது பெரிய ஆறுதல், ஆனா திருவிழாவும் ஊர்வலமும் அப்படியேதான்.

2024 ஜூலைல இருந்து புது சட்டம், சோதனை போடும்போது, பொருள எடுக்கும்போது எல்லாம் வீடியோ எடுக்கணும். நல்ல சட்டம், பொய்யா பொருள் வச்சு கேஸ் போட முடியாது. ஆனா எடுக்கிறது எங்க சொந்த போன்ல, எங்க சொந்த ரீசார்ஜ்ல. என் போன்ல என் புள்ள போட்டோவ அழிச்சுட்டு மகஜர் (பொருள கைப்பற்றுற) வீடியோ எடுத்திருக்கேன்.

இதையெல்லாம் வெளிய சொல்ல எங்களுக்கு சங்கமும் கிடையாது. கேரளாவுல போலீசுக்கு அசோசியேஷன் இருக்கு, இங்க வாய தொறந்தா 3(பி) சார்ஜ்தான், அதாவது பெரிய தண்டனை வரைக்கும் போற துறை நடவடிக்கை. தம்பிக்கு நான் சொல்றது, வார லீவு கிடைக்காத ஒவ்வொரு வாரமும் தேதியோட எழுதி வைக்கட்டும், எஸ்.பி. குறைதீர் நாள்ல நேர்ல மனு கொடுக்கட்டும், வாய்வார்த்தையா வேண்டாம். தூக்கமே இல்லாம இருந்தான்னா நிறைவாழ்வு பயிற்சி இருக்கு, நிம்ஹான்ஸோட சேர்ந்து ஆரம்பிச்சது, அதுக்குப் பேர் கொடுக்கச் சொல்லுங்க. வெக்கப்பட வேண்டாம்.

ராஜபாளையம் அக்கா:

எல்லாத்தையும் அவனுக்கு வாசிச்சுக் காட்டுனேன். வக்கீல் சார் எழுதுனதக் கேட்டுட்டு ரொம்ப நேரம் பேசாம இருந்தான், அப்புறம் "நானும் ஒரு நாள் உள்ள சத்தம் கேட்டேன்க்கா, அதுல இருந்துதான் விட்டுறலாம்னு தோண ஆரம்பிச்சது"ன்னான். காதுகுத்துக்கு வர முடியலன்னுதான் வேலைய விடுறான்னு நான் இத்தன நாள் நெனச்சிட்டிருந்தேன்.

டீச்சரோட பாரா பையன் கதைய மட்டும் ரெண்டு தரம் வாசிக்கச் சொன்னான். எஸ்.ஐ. பரீட்சையில டிபார்ட்மென்ட் கோட்டா 20 சதவீதம் இருக்காம், எழுதிப் பாக்குறேங்கிறான். ரைட்டர் ஐயா, அதுக்கு முன்னாடி சைபர் க்ரைம் விங்குக்கு வில்லிங் (விருப்பக் கடிதம்) எழுதிக் கொடுத்தா எடுப்பாங்களா?

பழைய ரைட்டர்:

எடுப்பாங்கம்மா, அங்க ஆள் தேடிட்டுத்தான் இருக்காங்க. டிகிரி சர்டிபிகேட் நகல் வச்சு இன்ஸ்பெக்டர் மூலமா எஸ்.பி.க்கு எழுதச் சொல்லு. ஸ்டேஷன்ல ஆள் குறையும்னு அனுப்பாம வச்சிருப்பாங்க, மனு அனுப்புனதுக்கான நம்பர ரைட்டர்கிட்ட கேட்டு வாங்கி வச்சுக்கச் சொல்லு. உள்ள சத்தம் கேட்டுச்சுன்னு சொன்னானே, அந்தத் தேதி அவனுக்கு ஞாபகம் இருக்கான்னு கேளு, வக்கீல் தம்பிக்கு தனியா ஒரு போன் போடச் சொல்லு.