துன்ஹுவாங் குகைகள்: கறுத்த முகம் புகையா, மருந்தா?

யீவூ குமார்:
நான் சீனாவுல யீவூங்கிற ஊர்ல துணி ஏற்றுமதி ஆபீஸ்ல இருக்கேன். அடுத்த மாசம் அப்பா ஊர்லேர்ந்து வர்றார். பெருஞ்சுவர் வேணாம், ஷாங்காய் வேணாம். போன்ல வந்த ஒரு படத்தைக் காட்டி, "இங்க கூட்டிட்டுப் போடா"ன்னு ஒத்தக் கால்ல நிக்கிறார். தேடிப் பார்த்தா கான்சு மாகாணத்துல துன்ஹுவாங் ஊர்ப் பக்கம் மோகாவ்ங்கிற பௌத்தக் குகைக் கோயில்கள்.

அப்பா நாற்பது வருஷம் கோபுரச் சுதை வேலை பார்த்தவர். அந்தப் படத்துல புத்தர் முகம் கன்னங்கரேல்னு இருக்கு, கண்ணும் மூக்கும் மட்டும் வெள்ளை. விளக்குப் புகையா இருக்கும்பான்னேன். "புகைன்னா மூக்கு மட்டும் எப்படித் தப்பிச்சுது? வண்ண மருந்து மாறியிருக்கு"ன்னு சொல்றார்.

யார் சொல்றது சரி? எந்தக் குகை பார்க்கணும்னு நாமே கேட்டு வாங்க முடியுமா? அப்பாவுக்கு முழங்கால் வலி உண்டு, மூணு நாள்தான் லீவு.

சாயப்பட்டறை:
உங்க அப்பா சொன்னதுதான் சரி, குமார். நான் திருப்பூர்ல சாயம் கலக்குறவ. போன வருஷம் செப்டம்பர்ல அங்க போனதே அந்தக் கறுப்பைப் பார்க்கத்தான்.

தோல் நிறத்துக்கு வெள்ளையோட ஈயச் செந்தூரத்தைக் கலந்திருக்காங்க. ஈயச் செந்தூரம் வெளிச்சமும் ஈரமும் பட்டா மெல்ல மெல்லக் கறுப்பா மாறிடும். வரைஞ்ச அன்னைக்கு அது இளஞ்சிவப்பு முகம். மேடு தெரியறதுக்காக மூக்குத் தண்டுலயும் கண்லயும் கடைசியா வெள்ளைக் கோடு இழுத்திருக்காங்க, அந்த வெள்ளைல ஈயச் செந்தூரம் கிடையாது, அதான் தப்பிச்சுது. பக்கத்துலயே காவி அப்படியே காவியா நிக்கும். நீலத்தைக் கேக்கவே வேணாம். ஆப்கானிஸ்தான் படக்‌ஷான் மலையிலேர்ந்து ஒட்டகத்துல வந்த லாபிஸ் கல்லை அரைச்சுப் பூசினது, நேத்துப் பூசின மாதிரி இருக்கு. பதினஞ்சு நூற்றாண்டு தாங்கின நீலம்! நம்ம பட்டறைல பத்துத் துவைப்பு தாங்கினா பெருமை.

புகைக் கறுப்பும் சில குகைகள்ல உண்டு. 1920கள்ல ரஷ்ய உள்நாட்டுப் போர்ல தோத்து ஓடி வந்த சிப்பாய்களை அங்கதான் தங்க வெச்சாங்க. உள்ளேயே அடுப்பு மூட்டிச் சமைச்சிருக்காங்க. அங்க மூக்கு, கண் எதுவும் தப்பலை, சுவரே கரி.

இன்னொண்ணு அப்பாகிட்ட சொல்லுங்க. அந்த மலை கூழாங்கல்லும் மணலும் இறுகின பாறை, உளி வெச்சா உதிரும். அஜந்தா மாதிரி சிலை செதுக்க முடியாது. அதனால மரச்சட்டம், அதுமேல நாணல் கட்டு, அதுமேல மண். சுவரும் வைக்கோல் கலந்த மண் பூச்சுதான். இரண்டாயிரத்துக்கும் மேல சிலைங்க, அத்தனையும் ஒரு வகைல அவர் தொழில்.

டிக்கெட்: ஆன்லைன்ல முன்னாடியே பாஸ்போர்ட் நம்பர் போட்டு வாங்குங்க. முழு டிக்கெட் நான் போனப்போ 238 யுவான், ஒரு நாளைக்கு 6000 பேர்தான். முதல்ல ரெண்டு படம் போடுவாங்க, அப்புறம் பஸ், அப்புறம் எட்டுக் குகை. ஓவியம் இருக்கிற குகை 492, அதுல எந்த எட்டுன்னு சாவி வெச்சிருக்கிற வழிகாட்டிதான் முடிவு பண்ணுவார். உள்ள விளக்கு கிடையாது, அவர் டார்ச் போற இடம்தான் உங்க கண். போட்டோ கூடாது. படி உண்டு, ஆனா நின்னு நின்னுதான் போவாங்க, அப்பா சமாளிச்சுடுவார்.

வெள்ளிக்கிழமை வாசகன்:
குமார், உங்க பேர்க்காரரே 285-ம் குகைல இருக்கார், தெரியுமா? மேற்குச் சுவர்ல காளை மேல மகேஸ்வரன், கீழே குமரன், பிள்ளையார். வடக்குச் சுவர்ல 538, 539ன்னு வருஷமே எழுதி வெச்சிருக்காங்க. கூரையில சீனத்து இடிதேவன் வளையமா முரசு கட்டிட்டு நிக்கிறார். 254ல சிபி மன்னர், புறாவுக்காகத் தராசு. சோழர்கள் 'செம்பியன்'னு பேர் வெச்சுக்கிட்டாங்களே, அதே சிபி.

உடனே "தமிழன் போய் வரைஞ்சான்"னு வாட்ஸாப்ல கிளப்பி விடாதீங்க. இந்தச் சாமிங்க போன வழி காந்தாரம், அப்புறம் பட்டுப்பாதை ஊர்களான கோத்தன், கூச்சா. இந்த ரெண்டு குகைக்கும் தனிக் கட்டணம், தினமும் திறப்பாங்கன்னு சொல்ல முடியாது.

17-ம் குகை சின்ன அறைதான், விட்டுடாதீங்க. 1900ல வாங் யுவான்லூங்கிற தாவோ துறவி சுவருக்குப் பின்னாடி கண்டுபிடிச்ச ஏட்டுக் கிடங்கு. 1907ல பிரிட்டிஷ் இந்தியா சார்பா ஸ்டெயின், 1908ல பிரெஞ்சு அறிஞர் பெல்லியோ வந்து வெள்ளியைக் கொடுத்து வாரிட்டுப் போனாங்க. 868ல அச்சடிச்ச வஜ்ர சூத்திரம்ங்கிற பௌத்த நூல் இப்ப லண்டன்ல. ஸ்டெயினோட பங்குல ஒரு பகுதி டெல்லி தேசிய அருங்காட்சியகத்துக்கு வந்தது. அப்பா டெல்லி போனா கேக்கச் சொல்லுங்க.

ஒட்டகம் வேண்டாம்:
மூணாவது நாள் பிறைநிலா ஏரி. ஊர்லேர்ந்து கிட்டத்தான், மணல் மலை நடுவுல பிறை மாதிரி தண்ணி. இப்ப வெளியிலேர்ந்து தண்ணி விட்டுத்தான் நிறுத்தியிருக்காங்க, தொண்ணூறுகள்ல ஒரு மீட்டர் ஆழம்கூட இல்லாமப் போச்சு. ஒட்டக வரிசைக்கு டிராபிக் சிக்னல் இருக்கு, நிஜமாத்தான். மத்தியானம் போகாதீங்க. பெய்ஜிங் நேரம்கறதால கோடைல ராத்திரி ஒன்பது மணிக்கும் வெயில் இருக்கும், சாயங்காலம் ஏழுக்கு ஏறினாப் போதும். மணல் உள்ள போகாம இருக்க ஆரஞ்சு கலர்ல கால் உறை வாடகைக்குத் தருவாங்க, வாங்கிக்குங்க. அப்பாவை முகட்டுக்கு ஏத்தாதீங்க.

யீவூ குமார்:
போயிட்டு வந்தாச்சு. எல்லாருக்கும் நன்றி.

எட்டுக் குகைல 96ம் 17ம் வந்துது. 96ல 35 மீட்டர் புத்தர், அண்ணாந்து பார்த்து அப்பாவுக்குக் கழுத்துதான் பிடிச்சுது, பெருசா ஒண்ணும் சொல்லல. வேறொரு குகைல கை உடைஞ்ச ஒரு சின்ன போதிசத்துவர். வழிகாட்டி டார்ச்சைத் திருப்பினப்போ உடைஞ்ச இடத்துல குச்சியும் காய்ஞ்ச புல்லும் தெரிஞ்சுது. அப்பா என் தோளைப் பிடிச்சு இழுத்தார். "நாம கம்பி கட்டுறோம், இவன் புல்லைக் கட்டியிருக்கான். கம்பி துருப்பிடிச்சு உப்பும். புல்லு உப்பாது." வழிகாட்டிப் பொண்ணு அடுத்த குகைக்கு நடந்துட்டா, இவர் இருட்டுல நின்னுட்டு இருக்கார். ரெண்டு தடவை திரும்பிப் போய்க் கூட்டிட்டு வந்தேன்.

285 அன்னைக்குத் திறக்கல. ஆனா கண்காட்சிக் கூடத்துல அதே அளவுல கையால வரைஞ்ச நகல் இருக்கு, யாரும் விரட்டல. குமரனைக் காட்டினேன். "வேல் எங்கடா?"ன்னார், அப்புறம் பிள்ளையார் பக்கத்துல ரொம்ப நேரம். கோடு நடுங்காம வந்திருக்காம்.

வெளியே பாலத்துக்குக் கீழ ஆறு காய்ஞ்சு கெடந்தது. அந்தக் காலத்துல இந்த ஆத்து வண்டலைத்தான் எடுத்துப் பூசியிருக்காங்கன்னு வழிகாட்டி சொன்னதுதான் தாமதம், ஒரு சிட்டிகை எடுத்து, தண்ணி பாட்டில்லேர்ந்து நாலு சொட்டு விட்டு, பஸ்ல உட்கார்ந்து உருட்டி ஒரு மூக்குப் பிடிச்சார். டிஷ்யூ பேப்பர்ல மடியில வெச்சுக்கிட்டே வந்தார். ஹோட்டலுக்கு வர்றதுக்குள்ள குறுக்கே வெடிச்சிருச்சு.

"மணல் பத்தல"ன்னார். மறுநாள் பிறைநிலா ஏரிக்கு அவரே முதல்ல கிளம்பிட்டார், பாக்கெட்ல ஒரு காலி மாத்திரை டப்பாவோட.