குதிரைக்கு அடிக்கடி வயித்து வலி, தீனியில என்ன தப்பு பண்றேன்?

ஒரே மாசத்துல ரெண்டு தடவ காலிக், அதான் அந்த வயித்து வலி, வந்துருச்சுங்க. முன்னங்காலால தரைய பறிக்குது, திரும்பித் திரும்பி வயித்தையே பாக்குது, டாக்டர் வந்து தான் சரியாச்சு. வயசு ஒன்பது, எடை 400 கிலோ. காலைல ரெண்டரை கிலோ ஓட்ஸ், சாயங்காலம் அதே அளவு, ராத்திரி ஒரு கட்டு காஞ்ச புல்லு. ஓட்ஸ போட்டா அஞ்சு நிமிஷத்துல தொட்டிய நக்கிடும், நல்லா சாப்பிடுதேன்னு நானும் சந்தோஷப்பட்டேன். எத மாத்தணும்?

பதில் 1:
தலைகீழா போடுறீங்க. குதிரைக்கு உடம்பு தான் பெருசு, இரைப்பை சின்னது, அதுலயும் ஆசிட் நாள் பூரா சுரந்துகிட்டே இருக்கும், அத ஆத்துறது புல்ல மெல்லும்போது ஊறுற எச்சில் தான். ஒரே வேளைல ரெண்டரை கிலோ ஓட்ஸ் போனா மாவுச்சத்து சிறுகுடல்ல செரிக்காம பெருங்குடலுக்குப் போயி அங்க புளிச்சு கேஸ் கட்டும், லேமினைட்டிஸ்னு குளம்புக்குள்ள வர்ற அழற்சி கூட வரலாம். வாந்தி எடுக்கவும் அதால முடியாது பாருங்க. 400 கிலோவுக்கு காஞ்ச புல்லு மட்டும் தினம் 6லேர்ந்து 8 கிலோ வேணும். கட்டுன்னா எத்தன கிலோ?

கேட்டவர்:
இப்ப தராசுல மாட்டிப் பாத்தேன், மூணு கிலோ தான் வருது 😟 நாளைக்கே ஓட்ஸ நிறுத்திடுறேன்.

பதில் 2:
ஐயோ ஒரே நாள்ல மாத்தாதீங்க! குடல்ல இருக்குற கிருமிங்க புதுத் தீனிக்குப் பழக 10, 14 நாள் ஆகும். நான் புல்லு தீர்ந்துபோச்சுன்னு வேற புல்ல ஒரே நாள்ல முழுசா போட்டு, ராத்திரி முழுக்க லாயத்துலயே உக்காந்திருந்தேன். புல்ல ஏத்திகிட்டே ஓட்ஸ கொஞ்சம் கொஞ்சமா குறைங்க, மிச்சத்தையும் மூணு நாலு வேளையா பிரிச்சுப் போடுங்க. கனமான வேலை வாங்கலன்னா ஓட்ஸே தேவப்படாது.

பதில் 3:
வாரம் ஒருக்கா தவிட்டுக் கஞ்சி குடுத்தா வயிறு சுத்தமாகும்னு பெரியவங்க சொல்வாங்க.

பதில் 2:
அண்ணே கோவிச்சுக்காதீங்க, வாரத்துல ஒரு நாள் மட்டும் புதுசா ஒண்ணு போறதும் திடீர் மாத்தம் தானே. அத விட தண்ணி எப்பவும் தொட்டில இருக்கட்டும், தினம் 25 லிட்டராவது குடிக்கும். தரைல போட்டு தீனி வெக்கறீங்கன்னா லத்திய ஒரு வாளித் தண்ணில கரைச்சு வெச்சுப் பாருங்க, அடில மணல் தங்குனா அதுவும் ஒரு காரணம். பல்லையும் டாக்டர் கிட்ட காட்டிடுங்க, லத்தில முழு ஓட்ஸ் அப்டியே வருதா?

கேட்டவர்:
வருதுங்க... தினமும் வருது. செரிமானம் ஆகலன்னு இப்ப தான் உறைக்குது. டாக்டருக்கு போன் போட்டுட்டேன்.