கோல்டுஃபிஷ் கவிழ்ந்து மிதக்கிறது, ஃபைட்டர் தீனியைத் துப்புகிறான்

இரட்டைவால்:
வீட்டில் இரண்டு தொட்டி. பெரியதில் உருண்டை உடம்புக் கோல்டுஃபிஷ் இரண்டு, சின்னதில் ஒரு ஃபைட்டர் (பெட்டா மீன்). ஒரு கிலோ ஃப்ளேக்ஸை, அதாவது மெல்லிய செதில் தீனியை, வாளியாகவே வாங்கி, ஒன்றரை வருடமாக இரண்டு தொட்டிக்கும் அதையே தூவுகிறேன். பத்து நாளாக, சாப்பிட்ட அரை மணி நேரத்தில் பெரிய கோல்டுஃபிஷ் வாலைத் தூக்கிக்கொண்டு கவிழ்ந்த படகு மாதிரி மிதக்கிறது. ராத்திரிக்குள் சரியாகிவிடுகிறது. ஃபைட்டரோ வாயில் வாங்கித் துப்புகிறான், துப்பியதை மறுபடி எடுத்துப் பார்த்து மறுபடி துப்புகிறான். கடைக்காரர் உயிரோடு டியூபிஃபெக்ஸ் புழு போடச் சொல்கிறார். போடலாமா? டப்பாத் தீனி வாங்கும்போது எதைப் பார்த்து வாங்குவது?

மீன்தொட்டிக்காரி:
முதலில் அந்த வாளியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். சிக்கு எண்ணெய் வாடை வந்தால் ஃபைட்டர் துப்புவதில் அதிசயமே இல்லை. தீனியில் இருக்கும் மீன் எண்ணெய் காற்றுப் பட்டால் கெடும். வைட்டமின் சி அதற்கும் முன்பே போய்விடும். இரண்டு மூன்று மாதத்தில் தீர்கிற சின்ன டப்பாவாக வாங்குங்கள். வாளி லாபம் என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தவள்தான்.

அப்புறம் லேபிள். எடையில் அதிகம் இருப்பதுதான் பட்டியலில் முதலில் வரும். முதல் பெயரே கோதுமை மாவு என்றால் ஃபைட்டருக்கு வேண்டாம், அவன் பூச்சி தின்கிற ஜாதி. மீன், இறால், பூச்சிப் புழு முன்னால் வர வேண்டும். கொஞ்சம் மாவு எல்லாத் தீனியிலும் இருக்கும். அது இல்லாமல் பெல்லட் (குருணைத் தீனி) பிடித்து நிற்காது. கோல்டுஃபிஷ்ஷுக்கு ஸ்பைருலினா மாதிரி பாசி வகை சேர்ந்தது நல்லது.

இனி உங்கள் படகு. கோல்டுஃபிஷ்ஷுக்கு இரைப்பை கிடையாது, தின்றது நேராகக் குடலுக்குப் போகிறது. உருண்டை உடம்பில் குடலும் மிதக்க உதவும் காற்றுப்பையும் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. மேலே மிதக்கும் ஃப்ளேக்ஸை வாய் பிளந்து தின்னும்போது காற்றும் உள்ளே போகிறது என்பது என் சந்தேகம். மூழ்கும் பெல்லட்டுக்கு மாற்றியதும் என் வீட்டில் கவிழ்வது நின்றது. இரண்டு நாள் பட்டினி போடுங்கள், ஒன்றும் ஆகாது. மூன்றாம் நாள் பச்சைப் பட்டாணி நாலைந்தை உப்பில்லாமல் வேகவைத்து, ஆறியதும் இரு விரலால் பிதுக்கினால் தோல் கையில் நிற்கும், பருப்பு வழுக்கி வெளியே வரும். அதை நகத்தால் கிள்ளிப் போடுங்கள்.

பழைய ஏர்பம்ப்:
அக்கா சொன்னது சரி. ஆனால் பட்டாணியைப் போட்டுவிட்டுத் தூங்கப் போய்விடாதீர்கள். மிச்சம் அழுகினால் தண்ணீரில் அம்மோனியா நச்சு ஏறும், மீன் சோர்ந்து போகும், நீங்கள் மறுபடி தீனியைத்தான் திட்டுவீர்கள்.

டியூபிஃபெக்ஸ் உயிரோடு வேண்டவே வேண்டாம். அது சாக்கடைச் சேற்றில் வளர்வது, எவ்வளவு அலசினாலும் நோய் கூடவே வரலாம். உறையவைத்த பிளட்வார்ம் (சிவப்புப் பூச்சிப் புழு) கட்டி வாங்குங்கள். கட்டியில் ஒரு மூலையை உடைத்து, டீ வடிகட்டியில் போட்டுத் தண்ணீர் காட்டி, சிவப்புச் சாறு வடிந்த பிறகு போடுங்கள். வாரம் இரண்டு தடவை போதும். காய்ந்த பிளட்வார்ம் என்றால் ஊறவைத்துத்தான் போட வேண்டும். அந்தத் தூள் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. எனக்கு டப்பாவைத் திறந்தாலே தும்மலும் கண் அரிப்பும் வரும், அதனால் மகன்தான் திறப்பான்.

உயிர்த்தீனி ஆசை இருந்தால் ஆர்டீமியா (பொடி உப்புநீர் இறால்) முட்டை வாங்கிப் பொரிக்க வையுங்கள். உப்புத் தண்ணீர், ஓடுகிற ஏர் பம்ப், ஏறக்குறைய ஒரு நாள். காற்றை நிறுத்திவிட்டுப் பாட்டிலின் அடியில் ஒரு பக்கமாக டார்ச் அடித்தால் குஞ்சுகள் ஆரஞ்சு நிறப் புகை மாதிரி அங்கே வந்து குவியும். அதை உறிஞ்சி, உப்புப் போக நல்ல தண்ணீரில் அலசிக் கொடுத்தால் எங்கள் ஃபைட்டர் கண்ணாடியில் முட்டிக்கொள்வான்.

இரட்டைவால்:
முகர்ந்தேன். பழைய பெயின்ட் வாடை. வாளி குப்பைக்குப் போய்விட்டது. பட்டினி முடிந்து இன்று பட்டாணி போட்டேன். பெரியவன் தின்றான், இதுவரை கவிழவில்லை. சின்னவன் தோல் துணுக்கை மட்டும் தேடித் தின்கிறான், அதை என்ன செய்வது? ஃபைட்டருக்குப் புது பெல்லட் எத்தனை போடலாம்?

மீன்தொட்டிக்காரி:
தோல் துணுக்கு பரவாயில்லை, தின்னட்டும். ஃபைட்டரின் வயிறு அவன் கண் அளவுதான் என்று சொல்வார்கள். சின்னக் குருணையாக இருந்தால் காலையில் மூன்று, மாலையில் மூன்று, வாரத்தில் ஒரு நாள் விடுமுறை. ஒவ்வொன்றாகப் போடுங்கள். முதல் நாள் அதையும் துப்புவான், புதுசு என்றால் அவனுக்குச் சந்தேகம். ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, தின்னாததை எடுத்துவிடுங்கள். பசித்தால் தானாக வழிக்கு வருவான்.