பிரிட்டோனா, லொராட்டடினா?

செல்வி அக்கா: தம்பி, பெரியப்பாவுக்கு விடிஞ்சா தும்மல், மூக்கு அருவியா கொட்டுது. பிரிட்டோன் ரெண்டு குடுக்கட்டா? இன்னைக்கு தேயிலை ஸ்டோர்ல ராத்திரி வேல.

ரமேஷ் (பார்மசி): வேணாங்க்கா, ரோலர் மெஷின் பக்கத்துல நிக்கிற ஆளு. பிரிட்டோன்னா குளோர்பெனிரமின், பழைய அலர்ஜி மருந்து. நேரா மூளைக்குப் போயி தூக்கத்த வரவச்சுரும். லொராட்டடின், பெக்ஸோபெனடின் மாதிரி புதுசு உள்ள நுழையப் பாத்தாலும் மூளை வாசல்லயே வெளிய தள்ளிரும்.

செல்வி அக்கா: தூக்கம் வந்தாத்தானே மருந்து பலமா வேல செய்யுதுன்னு சொல்றாங்க?

ரமேஷ் (பார்மசி): கடைக்கு வர்ற பாதிப்பேர் கேக்குறது இதுதான் 😄 தூக்கம் பக்கவிளைவு, பலம் இல்ல. பிரிட்டோன் 4 மி.கி.ய 4-6 மணிக்கொருக்கா போடணும். ஆனா மந்தம் மறுநாள் காலையிலயும் விடாது. லொராட்டடின் 10 மி.கி. ஒண்ணு ஒரு நாளுக்குப் போதும்.

கலா அண்ணி (நர்ஸ்): புதுசுல செட்ரிசின் 10 மி.கி.யும் ஒரு நாளைக்கு ஒண்ணுதான், ஆனா சிலருக்கு அதுலயும் தூக்கம் வரும். கிட்னி கோளாறுன்னா டோஸ் குறைக்கணும். பெரியப்பாவுக்கு ப்ராஸ்டேட் வீக்கம் வேற இருக்கு, பிரிட்டோன் மூத்திரத்த அடைச்சுரும். க்ளோக்கோமா (கண் அழுத்த நோய்) உள்ளவங்களுக்கும் ஆகாது.

ரமேஷ் (பார்மசி): ஆமா. இருமல் சிரப் ஏதும் குடிக்கிறாரா? லேபிள பாருங்க. பலதுல குளோர்பெனிரமின் இருக்கும், தெரியாமலே டபுள் டோஸ் ஆயிரும்.

செல்வி அக்கா: சிரப் இல்ல. பெக்ஸோபெனடின் எப்புடி?

கலா அண்ணி (நர்ஸ்): தும்மலுக்கு 120 மி.கி. பச்சத்தண்ணியில முழுங்கணும். தோடம்பழ ஜூஸ், ஆப்பிள் ஜூஸோட போட்டா குடல் சரியா இழுக்காது. நெஞ்செரிச்சலுக்கு அலுமினியம், மக்னீசியம் கலந்த மருந்து குடிச்சா 2 மணி நேரம் தள்ளிப் போடணும்.

செல்வி அக்கா: மூக்கடைப்பு?

கலா அண்ணி (நர்ஸ்): அதுக்கு மாத்திரை பெருசா கேக்காது. டாக்டர் சொன்னா ஸ்டீராய்டு ஸ்ப்ரே. தலைய லேசா குனிஞ்சு, முனைய மூக்கு நடுச்சுவத்துக்குக் காட்டாம காதுப்பக்கம் திருப்பி அடிக்கணும். நடுவுல அடிச்சா புண்ணாகி ரத்தம் வரும். நாலஞ்சு நாள் விடாம அடிச்சாத்தான் தெரியும்.

மணி மாமா: மலையில குளவி கொட்டுனா பிரிட்டோன் ஊசிதானே போடுறாங்க?

கலா அண்ணி (நர்ஸ்): அது அரிப்பு, தடிப்புக்கு மாமா. மூச்சு இழுத்தா, நாக்கு வீங்குனா, மயங்கி விழுந்தா அட்ரினலின் ஊசிதான், பெரியவங்களுக்கு தொடையில 0.5 மி.கி. பழசோ புதுசோ மாத்திரையக் குடுத்துட்டு லயத்துல காத்திருக்காதீங்க. படுக்க வச்சு கால உசத்துங்க, மூச்சுத் திணறுனா மட்டும் சாய்ச்சு உக்கார வைங்க. உடனே 1990 ஆம்புலன்ஸுக்கு அடிங்க.

செல்வி அக்கா: சரி தம்பி, லொராட்டடினே எடுத்து வை. பெரியப்பாவோட ப்ரஷர் மருந்துச் சீட்ட போட்டோ புடிச்சு அனுப்புறேன், பாத்துட்டு சொல்லு.